கால் சுடாத அத்தை

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கூப்பிட்டால் போகிறோம். போன இடத்தில் எதைக் கண்டாலும் நம் ஊரில் இருக்கும் ஒன்றைத் தேடியெடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இந்த வருடம் என் மகளோடு கிரீஸ் நாட்டுத் தீவு ஒன்றுக்குப் போய் நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மகளுக்கு ஜெர்மனியில் வேலை. ஒரு வாரம் லீவு போட்டிருப்பதாகவும், சின்னத் தீவு ஒன்றில் தினமும் நடக்கப் போகிறோம் என்றும் போனில் சொன்னாள். வேறு என்ன செய்வோம் என்று கேட்டேன். வேறு ஒன்றும் இல்லை, நடப்பதுதான் என்றாள். நடப்பதற்கென்றே லீவு போட்டுக் காசு செலவழித்துப் போவார்களா என்று கேட்டதற்கு, "உங்க ஊருக்குப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் பஸ்ஸா வந்து எறங்கறாங்களே, அவங்கல்லாம் பறக்கவா வராங்க?" என்றாள். நான் பிறந்தது திருவண்ணாமலையில். பெட்டியை இறக்கித் தூசி தட்டினேன்.

அந்தத் தீவில் ஒரு ஊர்தான். வெள்ளையடித்த வீடுகள், ஒரு மளிகைக் கடை, மதியத்துக்கு மேல் யாருமே கண்ணில் படாத தெருக்கள். ஊரைத் தாண்டினால் மண்ணே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய தடுப்புச் சுவர்கள், ஆட்டுக் கழுத்து மணிகள், காலில் மிதிபட்டால் ஓம வாசனை அடிக்கும் குத்துச்செடிகள். பாதை பிரியும் இடங்களில் பாறைமேல் சிவப்புப் பெயின்டால் பொட்டு வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு மொட்டை மலை. பாதை அதைச் சுற்றிக்கொண்டு போனது.

முதல் நாள் காலை மகள் மலை இடக்கைப் பக்கம் வருகிற மாதிரிக் கிளம்பினாள். நான் நின்றுவிட்டேன். மலை வலக்கைப் பக்கம் இருக்கிற மாதிரிப் போகலாம் என்றேன். இங்கே எந்தப் பக்கமாகப் போனாலும் ஒன்றுதான் என்று அவள் சிரித்தாள். ஆனாலும் திரும்பி வந்து என்னோடு நடந்தாள்.

ராத்திரி அறையில் அன்று நடந்த பாதை, காற்று, சாப்பாடு, போட்ட மாத்திரை எல்லாவற்றையும் டைரியில் எழுதுவேன். பிறகு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து ஒவ்வொரு பாதமாக மேலே தூக்கிப் பிடித்து, குதிகால், விரல் இடுக்கு என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். எனக்குச் சர்க்கரை வந்து பல வருடங்கள் ஆகின்றன. எங்கள் ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் எனக்கு மருந்து எழுதித் தரும் டாக்டர் இந்தக் கண்ணாடிப் பழக்கத்தைப் பாராட்டியிருக்கிறார். யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் அத்தையைப் பார்த்து வந்தது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு முழுப் பரீட்சை லீவில், சிவப்பு ஒயர் கூடையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். எங்கள் வீடு அப்போது கோயிலின் மேற்குப் பக்கத்துப் பே கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. வாசற்படியில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றி, ஜன்னலுக்குக் கீழே சுவரை ஒட்டி, ஜோடியாக வைத்தாள். நீல வார் போட்ட ரப்பர் செருப்பு. இடது கால் வார் அறுந்து ஊக்கு போட்டிருந்தது. "இத இனிமே அவரு வந்த பிறகுதான் போடுவேன்" என்று அம்மாவிடம் சொன்னாள்.

அவர் என்றது மாமாவை. மாமா ஆரணியில் இருந்தார். எங்கள் வீட்டில் 'ஆரணியில் இருக்கார்' என்பதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். அங்கே அவருக்கு இன்னொரு வீடு இருந்தது என்பதைக் குழந்தைகள் நாங்களாகவே தெரிந்துகொண்டோம். அவர் திரும்பி வரவேண்டும் என்று அத்தை வேண்டிக்கொண்டிருந்தாள். ஒரு மண்டலம் தினமும் மலை சுற்றுவது, வெறுங்காலில்.

அப்பாவுக்குச் சந்தோஷம். அக்கா தன் வீட்டிலிருந்து வேண்டுதல் செய்கிறாள் என்பதில் பெருமையும் இருந்தது. வெயில் ஜாஸ்தியாக இருக்கிறது, சாயங்காலத்துக்கு மேல் போகலாமே என்று அம்மா சொன்னாள். இருட்டினால் பெண்கள் தனியாகப் போகிற ரோடு இல்லை என்று அப்பா மறுத்துவிட்டார். அன்றைக்கு அது உண்மைதான். இன்று போல விளக்கும் நடைபாதையும் கிடையாது. விடிகாலையில் கிளம்பலாம் என்றால் குழாயில் தண்ணீர் வரும் நேரம் அது. தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்ற கூச்சம் அத்தைக்கு. எல்லாக் குடத்தையும் அண்டாவையும் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்படுவாள். அதனால் பாதி மலை தாண்டும்போதே உச்சி வெயில் பிடித்துவிடும்.

துணைக்கு என்னை அனுப்புவார்கள். நான் செருப்புப் போட்டுக்கொள்ளலாம் என்று அத்தையே சொல்லிவிட்டாள்; வேண்டுதல் அவளுக்குத்தான், எனக்கு இல்லை. ராஜகோபுரத்து வாசலில் கற்பூரம் ஏற்றிவிட்டு நடக்க ஆரம்பிப்போம். முதல் பாதி எனக்குப் பிடிக்கும். புளியமரங்கள் இரண்டு பக்கமும் கை கோத்திருக்கும். விழுந்து நசுங்கிய புளியம்பழமும் மாட்டுச் சாணமும் சேர்ந்து ஒரு வாசனை. நடக்க நடக்க மலை வேறு வேறு மலையாக மாறிக்கொண்டே வரும். அத்தை வழியில் இருக்கும் எட்டு லிங்கங்களில் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று கண்ணை மூடுவாள். நீளமாக ஒன்றும் வேண்டமாட்டாள். "வரணும்" என்று ஒரே ஒரு சொல். உதடு அசைவதை நான் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர்ப் பந்தல் எதையும் அவள் விட்டதில்லை. ஒரு சொம்பு குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்பாள். வீட்டுக்கு வந்ததும் உட்காராமல் பானைக்குப் பக்கத்திலேயே நின்று குடிப்பாள். அத்தை வந்த பிறகு பின்கட்டில், குளியல் அறை மூலையில், கறுப்பெறும்பு சாரை சாரையாக வர ஆரம்பித்தது. அம்மா மஞ்சள் பொடி தூவினாள், பெனாயில் ஊற்றினாள். எறும்பு போகவில்லை. யாரோ சர்க்கரையை அங்கே கொட்டிவிட்டார்கள் என்று என்னைத் திட்டினாள். அத்தை மெலிந்துகொண்டே வந்தாள். விரதம் இருந்து முகத்தில் ஒரு களை வந்துவிட்டது என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னார். இப்போது நினைத்தால், எங்கள் வீடு முழுக்க அது எழுதி ஒட்டியிருந்தது. படிக்கத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை.

குபேர லிங்கத்துக்குக் கிட்டத்தில் ஒரு மரத்தடியில் மோர் விற்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அந்தப் பக்கம் மரங்கள் கம்மி. கத்திரி வெயிலில் தார் இளகி, வண்டிச் சக்கரத்தின் தடம் அப்படியே பதிந்து கிடக்கும். செருப்பு ஒட்டிக்கொண்டு வரும், உரித்து உரித்து எடுத்துவைத்து நடப்பேன். மற்றவர்கள் ரோட்டோரப் புல்லைத் தேடி ஓடுவார்கள், துண்டை விரித்து அதன்மேல் நிற்பார்கள். அத்தை மட்டும் ரோட்டின் நடுவில், கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல நிதானமாக நடந்து வருவாள். மோர்க்காரப் பெண் அதைப் பல நாள் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்:

"ஏம்மா, உனுக்கு இந்த ரோடு சுடவே இல்லையா?"

அத்தை நின்று யோசித்தாள். அப்போதுதான் அதைக் கவனித்தாள் போல. பிறகு அவள் முகம் மலர்ந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த லீவு முழுவதும் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"இல்லம்மா. பஞ்சு மேல நடக்கற மாதிரி மெத்துனு இருக்குது. அவருதான் தாங்கறாரு" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். மோர்க்காரப் பெண் தன் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளும் கும்பிட்டாள். அன்று எங்களிடம் காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அத்தை காலை நீட்டி உட்கார்ந்தபோது வலது பாதத்தில், தாரோடு தாராக, ஒரு சோடா மூடி ஒட்டியிருந்தது. பல் பல்லாக இருக்கும் ஓரம் உள்ளே இறங்கியிருந்தது. நான்தான் பிடித்து இழுத்தேன். வந்த இடத்தில் பூப்போல ஒரு வட்டம். அத்தை அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தக்கூட இல்லை. அப்பா அந்த மூடியை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கழுவித் துடைத்து, சாமி மாடத்தில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் சந்து மாறிவிட்டது. சாயங்காலம் ஆனால் பெண்கள் வருவார்கள். அத்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அப்பா தான் வேலை பார்த்த தாலுக்கா ஆபீசில் சொல்லி, அங்கிருந்து குடும்பத்தோடு வந்தார்கள். வந்தவர்கள் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து அத்தையின் பாதத்துக்குப் பூசினார்கள். தினமும் ஒரு பூச்சு. கால் முழுக்க மஞ்சள் காய்ந்து பொருக்குத் தட்டி, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போயிற்று. புருஷன் விட்டுப் போன இரண்டு வருடமாக யாரும் விசேஷத்தில் முன்னால் கூப்பிட்டு நிறுத்தாத பெண்மணி அவள். இப்போது ஊரே வந்து காலில் விழுந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது என்றால் யார் குறை சொல்ல முடியும்?

அம்மாவுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. முதலில் வாசனைதான் அவளை எட்டியது. சாமி படத்தில் நாள் பட்ட பூச்சரத்தில் வருமே, அந்த மாதிரி. பாயைத் தட்டினாள், தலையணை உறையைத் துவைத்தாள். பிறகு ஒரு நாள் அத்தை தூங்கும்போது விளக்கை எடுத்துக்கொண்டு போய்க் காலருகே குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். மறுநாள் குழாயடியில், "அண்ணி, ஒருவாட்டி ஆஸ்பத்திரில காட்டிடலாங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

"வலிச்சாத்தான ஆஸ்பத்திரி? எனக்குத்தான் வலிக்கவே இல்லையே" என்றாள் அத்தை.

அப்பாவிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அம்மா மேலும் பேசியிருப்பாள். சாமி செய்கிற காரியத்தில் நாம் சந்தேகம் வைத்தால் அக்காவின் வேண்டுதல் பலிக்காது, இன்னும் கொஞ்ச நாள்தான், முடியட்டும் என்று சமாதானமாகச் சொன்னார். மறுநாள் காலை அந்த நீலச் செருப்பு சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவப்பட்டு, வாசற்படியின் நடுவில், வெளியே பார்த்தபடி, ஜோடியாக இருந்தது. அத்தை வந்தாள், பார்த்தாள், தாண்டிக்கொண்டு போனாள். சாயங்காலம் அம்மா அதை எடுத்துப் பழையபடி ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். இப்படிச் சில நாள் நடந்தது.

மண்டலம் முடியும் நாளில் எங்கள் சந்துப் பெண்கள் பாதிப் பேர் அத்தையோடு நடந்தார்கள். திரும்பி வந்து எல்லோருக்கும் அம்மா பானகம் கொடுத்தாள். இருட்டும் நேரத்தில் அத்தைக்குக் குளிர் எடுத்தது. அந்தக் கத்திரி வெயிலில் இரண்டு போர்வை போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை. அப்போதுகூட அவள் கால் வலிக்கிறது என்று சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெந்நீரும் பஞ்சும் வைத்து மஞ்சளை ஊறவைத்துக் கழுவினார். அம்மா என் முகத்தைத் தன் இடுப்போடு சேர்த்து அழுத்திக்கொண்டதால் நான் பார்க்கவில்லை; காதால் மட்டும் கேட்டேன். எத்தனை நாளாகக் காலில் உணர்ச்சி இல்லை என்று டாக்டர் கேட்டார். அப்பா, உணர்ச்சி இல்லாமல் இல்லை, அது அண்ணாமலையார் அருள் என்று விளக்க ஆரம்பித்தார். ரோடு சுடாதது, சோடா மூடி, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. டாக்டர் அப்பா முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "சக்கரை வியாதிங்க. முத்திப்போய் நரம்பு செத்துடுச்சு. அதான் சுடல" என்றார். வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

வேலூரில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தார்கள்.

மாமா வந்துவிட்டார். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஆரணியிலிருந்து பையோடு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சாத்துக்குடி உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போகவில்லை. அத்தையைக் கீழ்பென்னாத்தூருக்கு அவர்தான் அழைத்துப் போனார். உறவுக்காரர்கள் இதை நெடுநாள் பேசினார்கள். அண்ணாமலையார் காலை வாங்கிக்கொண்டு புருஷனைக் கொடுத்துவிட்டார் என்றார்கள். வேண்டுதல் பலித்தது என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா மட்டும் அந்தப் பேச்சு வரும்போது எழுந்து வெளியே போய்விடுவார். சாமி மாடத்திலிருந்த மூடியை அம்மா எப்போது எடுத்தாள், எங்கே போட்டாள் என்று அவர் கேட்கவே இல்லை.

வேலூருக்குப் புறப்படும்போது அம்மா அத்தையின் துணிமணியோடு அந்தச் செருப்பையும் பையில் எடுத்து வைத்திருந்தாள். இரண்டையும். காலை எடுப்பார்கள் என்று அப்போது தெரியாது. பிறகு பையிலிருந்து அது வெளியே வந்தபோது அம்மா முந்தானையால் மூடப் பார்த்தாள். அத்தை பார்த்துவிட்டாள். "அவருதான் வந்துட்டாரே, போட்டுக்கலாம். ஒன்னு போதும்மா" என்றாள். ஊக்குப் போட்ட இடது கால் செருப்பை அவளே வைத்துக்கொண்டாள். மற்றது எங்கள் வீட்டுப் பரண்மேல் பல வருடம் கிடந்தது. வீட்டை விற்றபோது தேடினேன். கிடைக்கவில்லை.

அடுத்த வருடம் லீவில் அம்மாவோடு கீழ்பென்னாத்தூருக்குப் போனேன். களத்தில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. மாமா கடலையை மூட்டை பிடிக்கப் போயிருந்தார். அத்தை கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அம்மா சமையல்கட்டுக்குப் போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டு, யாரிடமும் சொல்லக்கூடாத விஷயம் போல, "கால் சுடுதுடி" என்றாள். இடது காலைப் பார்த்தேன். "அது இல்ல. இந்தக் காலு. தார்ல வெச்ச மாதிரி எரியுது. அப்ப சுடல, இப்பதான் சுடுது. தண்ணி ஊத்தேன்."

சொம்பில் தண்ணீர் மொண்டுவந்து, அவள் கால் இருந்திருக்க வேண்டிய இடத்தில், காலியான இடத்தில், மெதுவாக ஊற்றினேன். தண்ணீர் நேராகச் சிமெண்டுத் தரையில் விழுந்து ஓடியது. அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொம்பு காலியானதும், "போதும்" என்றாள். மாமா வரும் சத்தம் கேட்டது. முந்தானையை இழுத்து மடியை மூடிக்கொண்டாள்.

அவள் இறந்தபோது நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன்.

இத்தனையையும் அந்தத் தீவில் நடந்துகொண்டே நினைத்தேன். கடைசிக்கு முந்தைய நாள் பாதை மேட்டில் ஏறி, ஒரு சின்னக் கோயிலுக்குப் போனது. ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு ஒரே அறை, வெள்ளைச் சுவர், உள்ளே அணைந்த மெழுகுவத்தி வாசனை. வெளியே சுவரையொட்டிக் கல் மேடை. இரண்டு பக்கமும் கடல் தெரிந்தது. நான் உட்கார்ந்தேன். மகள் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே கீழே பார்த்தாள்.

"அம்மா, உன் ஷூ ஓரத்துல என்னது?"

அவள் வாங்கிக் கொடுத்த புது ஷூ. இடது கால் பக்கத்தில் துணி இருண்டு ஈரமாக இருந்தது. கழற்றிக் கவிழ்த்தேன். ஒரு கல் விழுந்தது. கடலையளவு, ஒரு முனை கூர். சாக்ஸில் சுண்டுவிரலுக்குக் கீழே ரத்தம் நனைந்து, ஓரம் காய்ந்துகூடப் போயிருந்தது. ஊரைத் தாண்டியதும் சரளைக்கல் சரிவு ஒன்று வந்தது. அங்கேதான் உள்ளே போயிருக்க வேண்டும். அதாவது காலையில்.

மகள் அந்தக் கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். "இதோடவாம்மா இவ்ளோ தூரம் ஏறி வந்த? ஒரு வார்த்தை சொல்லல. செம ஸ்ட்ராங்மா நீ" என்றாள். அவள் குரலில் இருந்த பெருமையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அப்பா சோடா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த முகமும் இப்படித்தான் இருந்தது.

கல்லை அவளிடமிருந்து வாங்கிச் சரிவில் எறிந்தேன். பிறகு சாக்ஸைக் கழற்றி, காலை அவள் மடியில் வைத்தேன். காயம் இருக்கிறதா என்றுதான் இத்தனை வருடம் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். வேறு எதையும் அதில் பார்க்க முடியாது.

"நான் கண்ண மூடிக்கறேன். நீ ஒவ்வொரு விரலா தொடு. எந்த விரல்னு நான் சொல்றேன்" என்றேன்.

விளையாட்டு என்று நினைத்தாளோ என்னவோ, சரி என்றாள். கண்ணை மூடினேன். காற்று முகத்தில் அடித்தது. எங்கேயோ ஆட்டு மணி கேட்டது. காத்திருந்தேன். அவள் ஆரம்பிக்கவில்லை.

"ம், தொடு" என்றேன்.

"தொட்டுக்கிட்டேதாம்மா இருக்கேன்."